ஒரு சுறாத் தலை, ஒரு கத்தி: நிக்கோலஸ் ஸ்டெனோவின் கதை

1666 அக்டோபர். இத்தாலியில் லிவோர்னோ துறைமுகத்துக்குப் பக்கத்துக் கடலில் மீனவர்களிடம் ஒரு ராட்சதச் சுறா மாட்டியது. ஒரு டன்னுக்கு மேல் எடை. இன்னைக்கு நாம கிரேட் ஒயிட் என்று சொல்கிற வெள்ளைச் சுறா. விஷயம் டஸ்கனியை ஆண்டுகொண்டிருந்த இரண்டாம் ஃபெர்டினாண்டோ டி மெடிசியின் காதுக்குப் போனது. கோமகனுக்கு அறிவியல் என்றால் உயிர். உத்தரவு பறந்தது. முழு உடம்பையும் தூக்கிவர வழி இல்லை. தலை மட்டும் வண்டியேறி ஃபிளாரன்ஸ் வந்து சேர்ந்தது. அதை அறுத்துப் பார்க்கும் வேலை, ஊருக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகாத 28 வயசு டேனிஷ்காரர் ஒருத்தரிடம் ஒப்படைக்கப்பட்டது.

அவர்தான் நிக்கோலஸ் ஸ்டெனோ. பேரைக் கேட்டதும் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் போர்டு ஞாபகம் வந்தால் தப்பில்லை, ஆனா அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் கிடையாது. சொந்தப் பேர் நீல்ஸ் ஸ்டென்சன். ஸ்டென் என்பவரின் மகன் என்று அர்த்தம். டேனிஷ் மொழியில் ஸ்டென் என்றால் கல். சிவில் டிபார்ட்மெண்ட் ஆட்கள் இன்ஜினியரிங் ஜியாலஜி பேப்பரில் இவரைப் படித்திருப்பார்கள்: கீழே இருக்கிற பாறை அடுக்கு பழசு, மேலே இருக்கிறது புதுசு. அந்த விதி இவருடையது. ஆனால் அந்த விதிக்குப் பின்னால் ஒரு சுறா இருக்கிறது என்பதை சிலபஸ் சொல்வதில்லை.

ஸ்டெனோ 1638 ஜனவரியில் கோபன்ஹேகனில் பிறந்தார். அப்பா பொற்கொல்லர். மூணு வயசில் ஏதோ ஒரு நோய் வந்து பல வருஷம் வீட்டோடு முடங்கிக் கிடந்தார். நோய் தீர்ந்த கொஞ்ச நாளிலேயே அப்பா இறந்துபோனார். பள்ளியில் படிக்கும்போது 1654-ல் ஊரில் பிளேக் வந்தது. அவருடைய பள்ளியில் மட்டும் 200-க்கும் அதிகமான மாணவர்கள் செத்தார்கள். பிழைத்தவர்களில் இவர் ஒருவர். 1656-ல் மருத்துவம் படிக்கப் பல்கலைக்கழகம் சேர்ந்தார். கொஞ்ச காலத்தில் ஸ்வீடன் படை வந்து நகரத்தை முற்றுகையிட்டது. பாடம் ஒழுங்காக நடக்கவில்லை, மாணவர்களே கோட்டைச் சுவரில் காவல் நின்றார்கள்.

அந்த முற்றுகைக் காலத்தில், 1659-ல், அவர் எழுதிய நோட்டு ஒன்று இன்னும் இருக்கிறது. அதற்கு அவர் வைத்த தலைப்பு கேயாஸ், அதாவது குழப்பம். படித்த புத்தகங்களின் குறிப்பு, பனித்துகளின் வடிவம், கெப்ளர், கலிலியோ, தன்னைத் தானே திட்டிக்கொள்ளும் வரிகள் என்று எல்லாம் கலந்து கிடக்கும். ஒரே நேரத்தில் நாலு விஷயத்தில் தலையை விடாதே என்று தனக்குத் தானே புத்தி சொல்லிக்கொள்கிறார். நம்ம ஹாஸ்டல் ரூமில் பாதி பேருடைய நோட்டு இப்படித்தான் இருக்கும், என்ன, 300 வருஷம் கழிச்சு யாரும் தேடி எடுத்துப் பதிப்பிக்க மாட்டாங்க.

1660-ல் ஆம்ஸ்டர்டாம் போனார். ஜெரார்ட் பிளாசியஸ் என்கிற பேராசிரியர் வீட்டில் தங்கிப் படித்தார். போய்ச் சில வாரத்திலேயே, ஏப்ரல் மாதம், ஓர் ஆட்டுத்தலையை வாங்கித் தனியாக அறுத்துக்கொண்டிருந்தபோது, கன்னப்பகுதியில் ஒரு குழாய் தட்டுப்பட்டது. உள்ளே கம்பியை விட்டால் முனை போய்ப் பல்லில் டிக் என்று இடிக்கிறது. காதுக்கு முன்னால் இருக்கும் சுரப்பியிலிருந்து வாய்க்கு எச்சில் கொண்டுவரும் குழாய் அது. ஓடிப்போய்ப் பேராசிரியரிடம் காட்டினார். நீ கம்பியை அழுத்தி ஓட்டை போட்டிருப்பாய், இல்லையென்றால் இந்த ஆடு ஏதோ விதிவிலக்கு என்று அவர் தள்ளிவிட்டார். பிறகு அதே குழாயைத் தான் கண்டுபிடித்ததாகச் சொன்னவரும் அதே பேராசிரியர்தான்! சண்டை சில வருஷம் அச்சில் ஓடியது. கைடு பேர் முதலில் வருவது இன்று நேற்று ஆரம்பித்த பிரச்சினை இல்லை. இந்த முறை மாணவர் ஜெயித்தார்: லெய்டன் பல்கலைக்கழகத்தில் சில்வியஸ் அந்தக் குழாயை மனித உடம்பில் எடுத்துக்காட்டி, அதற்கு ஸ்டெனோ பெயரையே வைத்தார். மருத்துவக் கல்லூரிகளில் இன்றும் அது ஸ்டென்சன் குழாய்.

அந்தச் சண்டை அவருக்கு ஒரு பழக்கத்தைக் கற்றுக்கொடுத்தது என்று எனக்குத் தோன்றுகிறது. கத்தி காட்டியது எது, நான் யூகித்தது எது என்று இரண்டையும் தனித்தனியாக எழுதுவது. நம்ம லேப் ரெக்கார்டில் அப்சர்வேஷன் ஒரு பக்கம், இன்ஃபரன்ஸ் ஒரு பக்கம் எழுதுகிறோமே, அதேதான். நாம மார்க்குக்காக எழுதுகிறோம். அவர் அதை நம்பினார்.

லெய்டனில் அடுத்த வேட்டை இதயம். அப்போது இதயத்தை உயிரின் உலை, உடம்புக்குச் சூடு தரும் அடுப்பு என்றெல்லாம் பெரிய பெரிய ஆட்கள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இவர் மாட்டு இதயத்தை வேகவைத்து, நாராக உரித்துப் பார்த்துவிட்டு, இதுவும் ஒரு தசை, அவ்வளவுதான் என்றார். தசை சுருங்கும்போது அதற்குள் ஏதோ ஆவி புகுந்து பலூன் மாதிரி ஊதிக்கொள்கிறது என்பது அன்றைய கொள்கை. ஸ்டெனோ தசை நார்களைச் சாய்ந்த இணைகரத் திண்மமாக வரைந்து, சுருங்கும்போது தசை தடிக்கும், ஆனால் கன அளவு கூடத் தேவையில்லை என்று வடிவியலில் நிரூபித்தார். பொரெல்லி போன்றவர்கள் ஏற்கவில்லை. மாடல் ஓரமாகப் போடப்பட்டது. 1980-களில் கம்ப்யூட்டரில் தசையை மாடல் செய்யத் தொடங்கியவர்கள்தான் அதே வடிவத்துக்குத் திரும்பி வந்தார்கள்.

இந்தத் தசைக் கணக்கை அச்சுக்குத் தயார் செய்துகொண்டிருந்த நேரத்தில்தான் ஃபிளாரன்சில் சுறாத் தலை வந்து இறங்கியது. 1667-ல் வெளிவந்த புத்தகம் தசையைப் பற்றியது. சுறா அதற்குப் பின்னிணைப்பு. உலகம் ஞாபகம் வைத்திருப்பது பின்னிணைப்பைத்தான்.

தலையில் அவர் என்ன பார்த்தார்? முதலில் தோல். மூக்கைச் சுற்றிச் சின்னச் சின்னத் துளைகள். உள்ளே குழாய்கள், அவற்றில் பசை மாதிரி ஒரு திரவம். இதே மாதிரித் துளைகளைத் திருக்கை மீனில் ஏற்கெனவே பார்த்துக் குறித்து வைத்திருந்தார். தோலை வழவழப்பாக வைக்கும் சுரப்பு என்பதுதான் அந்தக் காலத்தில் இதற்குக் கிடைத்த விளக்கம். 1678-ல் ஸ்டெஃபானோ லோரென்சினி இன்னும் விரிவாக எழுதியதால் உறுப்புக்கு அவர் பெயர் வந்தது. அதன் உண்மையான வேலை தெரிய 1960-கள் வரை ஆனது: அவை மின்சாரத்தை உணரும் சென்சார்கள். அந்தப் பசை நன்றாக மின்சாரம் கடத்தும். ஒரு சென்டிமீட்டருக்கு ஒரு வோல்ட்டின் நூறு கோடியில் சில பங்கு அளவுள்ள மின்புலத்தைக்கூடச் சுறா உணர்ந்துவிடும். மணலுக்குள் ஒளிந்திருக்கும் மீனின் தசை எழுப்பும் மெல்லிய மின்சாரமே அதற்குப் போதும். மின்சாரம் என்றால் என்னவென்றே தெரியாத காலத்தில் இதை யூகித்திருக்க வழியே இல்லை. ஆனால் துளை எங்கே, குழாய் எங்கே போகிறது என்று அவர் எழுதிவைத்தது இன்றும் சரியாகவே இருக்கிறது.

அடுத்து மூளை. அவ்வளவு பெரிய உடம்புக்கு இவ்வளவு சின்ன மூளையா என்று ஆச்சரியப்பட்டார். பிறகு பல். வரிசை வரிசையாகப் பல். முன்வரிசை நிமிர்ந்து நிற்கிறது. உள்வரிசைகள் ஈறுக்குள் புதைந்து உள்பக்கமாகச் சாய்ந்து கிடக்கின்றன. இப்போது நமக்கு விளக்கம் தெரியும்: சுறாவின் பல் தாடையில் வேர்விட்டு நிற்பதில்லை, கன்வேயர் பெல்ட் மாதிரி பின்வரிசை முன்னால் நகர்ந்துகொண்டே இருக்கும். விழ விழ அடுத்தது வரும். ஒரு சுறா தன் வாழ்நாளில் ஆயிரக்கணக்கான பற்களைக் கடலில் உதிர்க்கிறது.

இந்தப் பல்லைக் கையில் வைத்துப் பார்த்தபோது அவருக்கு வேறொன்று ஞாபகம் வந்தது. நாக்குக் கற்கள். மால்டா தீவின் பாறைகளில் முக்கோண வடிவக் கற்கள் நிறையக் கிடைக்கும். சில உள்ளங்கை அளவு இருக்கும். சந்திர கிரகணத்தன்று வானத்திலிருந்து விழுபவை என்று ரோமானியர் பிளினி காலத்திலேயே ஒரு கதை. பவுல் தீவின் பாம்புகளைச் சபித்ததால் கல்லாகிப்போன நாக்குகள் என்று இன்னொரு கதை. விஷமுறிவு மருந்து என்று பொடித்துக் குடித்தார்கள், தாயத்தாகக் கட்டிக்கொண்டார்கள், மதுக்கிண்ணத்தில் முக்கியெடுத்தார்கள். கொஞ்சம் படித்தவர்கள், மண்ணுக்கே உருவங்களைத் தானாக விளைவிக்கும் சக்தி உண்டு, உருளைக்கிழங்கு மாதிரி கல்லும் அங்கேயே முளைக்கிறது என்றார்கள்.

இவை சுறாப் பல் என்று முதலில் சொன்னவர் ஸ்டெனோ இல்லை. ஃபேபியோ கொலோன்னா 1616-லேயே சொல்லிவிட்டார். ஸ்டெனோவின் புத்தகத்தில் இருக்கும் பிரபலமான சுறாத்தலைப் படம்கூட அவருடைய சுறா இல்லை. மிக்கேலே மெர்காத்தி என்பவர் முந்தைய நூற்றாண்டில் செய்யவைத்து அச்சேறாமல் கிடந்த செப்புத்தகடு அது, கடன் வாங்கிப் போட்டார். அப்படியானால் இவர் என்னதான் புதுசாகச் செய்தார்?

பல் என்றால் அது பாறைக்குள் எப்படிப் போனது என்று கேட்டார். கல் அங்கேயே வளர்ந்திருந்தால் சுற்றியுள்ள பாறையை நெருக்கி விரிசல் விட்டிருக்க வேண்டும், அல்லது பாறை இடுக்கில் வளரும் மரவேர் மாதிரி தானே நெளிந்திருக்க வேண்டும். இரண்டும் இல்லை. கல்லுக்குக் கல் ஒரே வடிவம். மென்மையான மண்ணில் கிடைப்பவை பாதி உளுத்துப்போயிருக்கின்றன, அதாவது அங்கே வளரவில்லை, அழிந்துகொண்டிருக்கின்றன. ஒரே இடத்தில் இவ்வளவு பல் எப்படி என்றால், ஒரே ஒரு வாயில் எத்தனை என்று தலையை அறுத்தவரிடமே கேளுங்கள். ஆக, பல் உள்ளே போனபோது பாறை பாறையாக இல்லை. தண்ணீரில் கலங்கிய சேறாக இருந்து மெதுவாகப் படிந்திருக்கிறது. அப்படியென்றால் மலைமேல் இருக்கும் அந்த இடம் ஒருகாலத்தில் கடலடி. இவ்வளவும் சொல்லிவிட்டு, இவை யூகங்கள்தான், எதிர்த்தரப்பும் பேசட்டும் என்கிற தொனியில் முடிக்கிறார்.

எலும்பு எங்கே, பல் மட்டும் ஏன் என்று கேட்பீர்கள். சுறாவின் எலும்புக்கூடு முழுக்கக் குருத்தெலும்பு, பெரும்பாலும் மக்கிவிடும். பல் மட்டும் நிற்கும். அதனால்தான் பூமியில் அதிகமாகக் கிடைக்கும் புதைபடிவங்களில் சுறாப்பல் ஒன்று. நம்ம பெரம்பலூர் மாவட்டம் காரை பக்கம் வெயிலில் காய்ந்து கிடக்கிற அந்தச் செம்மண் பூமியிலும் டைனோசர் காலத்துக் கடலின் சுறாப்பற்கள் கிடைத்திருக்கின்றன. மால்டாவின் பெரிய நாக்குக் கற்கள் மெகலோடான் என்கிற அழிந்துபோன சுறாவுடையவை. அது அழிந்தே சுமார் 36 லட்சம் வருஷம் ஆகிறது. ஸ்டெனோவுக்கு உலகத்தின் வயசே பைபிள் கணக்குப்படி ஆறாயிரம் சொச்சம் வருஷம்தான். அந்தச் சின்னச் சட்டத்துக்குள் நின்றுகொண்டு இவ்வளவு தூரம் பார்த்திருக்கிறார்.

அதே புத்தகத்தில் இன்னொரு சுறாவும் உண்டு, குட்டி போடும் சின்ன நாய்ச்சுறா. அதை அறுத்தபோது உள்ளே முட்டைகள் இருந்தன. குட்டி போடும் பிராணிக்கும் முட்டை உண்டு என்றால், பெண்ணின் விரை என்று அதுவரை சொல்லப்பட்ட உறுப்பும் முட்டைப்பை ஆகத்தானே இருக்க வேண்டும் என்று எழுதினார். மனிதப் பெண்ணின் முட்டைப்பையைப் பற்றிய இந்தத் திருப்பம் ஒரு மீனிடமிருந்து வந்தது. இதே வகையில் தாய்க்கும் குட்டிக்கும் நடுவே நஞ்சுக்கொடி மாதிரி ஓர் இணைப்பு இருப்பதையும் பின்னாளில் கவனித்தார். திறந்த கடலில் சுற்றும் நீலச் சுறாவும் இப்படித்தான், ஒரே ஈற்றில் நூற்றுக்கும் மேல் குட்டி போட்டதுண்டு.

அவருக்குக் கிடைக்காதது உடம்பு. கரையிலேயே போய்விட்ட அந்த உடம்பில்தான் வெள்ளைச் சுறாவின் மீதிக் கதை இருந்தது. முதுகெலும்பை ஒட்டிய சிவந்த தசை, அதில் பின்னிக் கிடக்கும் ரத்தக்குழாய் வலை: வெளியே போகும் சூட்டை உள்ளே வரும் குளிர்ந்த ரத்தத்துக்கு மாற்றிவிடும் அசல் கவுன்டர்ஃப்ளோ ஹீட் எக்ஸ்சேஞ்சர். மெக்கானிக்கல்காரங்க சந்தோஷப்படலாம். அதனால் சுற்றியிருக்கும் தண்ணீரைவிடச் சூடான தசையோடு அது நீந்துகிறது. பிறகு கல்லீரல். உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல்கூடப் போகும், முழுக்க எண்ணெய். மிதவையும் அதுதான், பெட்ரோல் டேங்கும் அதுதான். கலிபோர்னியா கரையிலிருந்து ஹவாய் பக்கம் போகும் சுறாக்களில் மாட்டிய கருவிகளின் பதிவைப் பார்த்தவர்கள், அவை நீந்தாமல் சும்மா சறுக்கி இறங்கும் வேகத்தைக் கணக்கிட்டார்கள். பயணம் நீள நீள இறங்கும் வேகம் கூடுகிறது. எண்ணெய் தீர்கிறது, மிதப்பு குறைகிறது என்று அர்த்தம்.

எவ்வளவு தூரம் போகும்? 2003 நவம்பரில் தென்னாப்பிரிக்காவில் நிக்கோல் என்று பெயர் வைத்த ஒரு பெண் சுறாவுக்கு சாட்டிலைட் டேக் மாட்டினார்கள். 99 நாளில் 11,000 கிலோமீட்டர் தாண்டி ஆஸ்திரேலியா கரையில் டேக் கழன்று மிதந்தது. வழியில் 980 மீட்டர் ஆழம் வரை முங்கியிருக்கிறது. 2004 ஆகஸ்டில் அதே சுறா திரும்பத் தென்னாப்பிரிக்காவில், முதுகுத் துடுப்பின் வெட்டுகளை வைத்து அடையாளம் கண்டார்கள். ஒன்பது மாதத்தில் ஓர் இந்தியப் பெருங்கடல் போக வர. வழி எப்படித் தெரிகிறது? பூமியின் காந்தப்புலம் உதவுகிறது என்பதற்கு 2021-ல் பானட்ஹெட் சுறாக்களை வைத்துச் செய்த சோதனை நல்ல சான்று தந்தது. ஸ்டெனோ பார்த்த அந்த மூக்குத் துளைகளுக்கும் இதில் பங்கு இருக்கலாம் என்று ஒரு தரப்பு சொல்கிறது.

திரும்ப ஃபிளாரன்ஸ் போவோம். பல்லில் தொடங்கிய கேள்வி அவரை விடவில்லை. டஸ்கனி மலைகளில் ஏறி இறங்கினார், குவாரிகளைப் பார்த்தார். 1669-ல் ஒரு சின்னப் புத்தகம் போட்டார். திடப்பொருளுக்குள் திடப்பொருள் எப்படி அடைபடுகிறது என்பதுதான் விஷயம். அடுக்குகள் கிடைமட்டமாகப் படியும், கீழது முந்தியது, சாய்ந்திருந்தால் பிறகு ஏதோ நடந்திருக்கிறது, இவ்வளவும் அதில் இருக்கிறது. குவார்ட்ஸ் படிகம் எந்த அளவில் இருந்தாலும் முகங்களுக்கு நடுவே கோணம் மாறாது என்பதும் அதில்தான். தலைப்பிலேயே இது முன்னோட்டம் என்று எழுதினார். முழுப் புத்தகம் வரவே இல்லை.

ஏனென்றால் அதற்குள் ஆள் வேறு திசையில் திரும்பிவிட்டார். லூத்தரன் குடும்பத்தில் பிறந்தவர் 1667 கடைசியில் கத்தோலிக்கர் ஆனார். 1672-ல் டென்மார்க் அரசர் அழைத்துப் போனார், ஆனால் கத்தோலிக்கர் என்பதால் பேராசிரியர் பதவி கிடையாது, அரச உடற்கூறியலாளர் என்று ஒரு பட்டம் மட்டும். இரண்டு வருஷத்தில் திரும்பிவிட்டார். 1675-ல் பாதிரியார். 1677-ல் ஆயர். ஹனோவருக்கு அனுப்பினார்கள். அங்கே லைப்னிட்ஸ் இருந்தார். நல்ல இயற்கை அறிஞர் ஒருவர் சுமாரான இறையியலாளராகிவிட்டாரே என்று அவருக்கு வருத்தம். பூமியின் வரலாறு பற்றித் தான் எழுதிய நூலில் அந்தச் சுறாத்தலைப் படத்தை லைப்னிட்ஸும் எடுத்துப் போட்டார்.

ஒரு விஷயத்தைப் பல வாழ்க்கைக் குறிப்புகள் தாண்டிப் போய்விடுகின்றன. லெய்டன் நாட்களில் ஸ்டெனோவின் அறுவையை வந்து பார்த்த நண்பர்களில் ஸ்பினோசா ஒருவர். ஸ்பினோசா இறந்த அதே 1677-ல், அச்சாகாத அவருடைய எதிக்ஸ் நூலின் கையெழுத்துப் பிரதி ஸ்டெனோவின் கைக்கு வந்தது. அதை அவர் ரோமின் விசாரணை மன்றத்திடம் புகாரோடு ஒப்படைத்தார். அந்தப் பிரதி 2010-ல் வத்திக்கான் நூலகத்தில் கண்டெடுக்கப்பட்டது. எதிர்த்தரப்பும் பேசட்டும் என்று சுறாவைப் பற்றி எழுதியவர் இவர்தானா என்று எனக்குக் கோபம் வந்தது. இன்னும் முழுசாகப் போகவில்லை. நம்பிக்கை விஷயத்தில் அவர் யூகத்துக்கு இடம் வைக்கவில்லை.

அதே நம்பிக்கையைத் தனக்கும் அவர் சலுகை இல்லாமல்தான் பொருத்தினார், அதையும் சொல்ல வேண்டும். ஆயருக்குரிய வெள்ளிப் பாத்திரங்களை விற்று ஏழைகளுக்குக் கொடுத்தார், மோதிரம்கூடப் போனது. பட்டினி கிடந்தார், பழைய துணி உடுத்தினார். மூன்ஸ்டரில் ஆயர் தேர்தலில் பணம் விளையாடியதைக் கண்டித்து, 1683-ல் ஊரை விட்டே வெளியேறினார். ஹாம்பர்க், பிறகு ஷ்வெரின். 1686 டிசம்பரில் கடுமையான வயிற்று வலியோடு அங்கேயே இறந்தார். பித்தப்பைக் கல் என்று கருதப்படுகிறது. வயசு 48.

ஃபெர்டினாண்டோவின் மகன் மூன்றாம் கோசிமோ உடலை ஃபிளாரன்சுக்கு வரவழைத்து சான் லொரென்சோ தேவாலயத்தில் அடக்கம் செய்தார். 1953-ல் அதை எடுத்து, நாலாம் நூற்றாண்டைச் சேர்ந்த கல் சவப்பெட்டி ஒன்றுக்குள் மாற்றி வைத்தார்கள். அந்தப் பெட்டி ஆர்னோ ஆற்றுக்குள் கிடந்து கிடைத்தது.